ஹனலோரே அக்காவின் கை எட்டிய உயரம்

எங்கள் தெருவில் ஏழாம் இலக்க வீட்டு அழைப்பு மணிதான் அதிகம் தேய்ந்த மணி. இரண்டு வீடு தள்ளி யூதர்களின் பழைய ஜெபக்கூடம் இருக்கிறது. அதன் கதவில் ஒரு சின்னத் தகடு: “உள்ளே பார்க்க விரும்புவோர் ஏழாம் இலக்கத்தில் மணி அடிக்கவும்.” மணி அடித்தால் ஹனலோரே அக்கா வருவார். கூடத்துப் பூட்டின் ஒரு சாண் நீள இரும்புத் திறப்பு அவர் குசினிக் கதவுக்குப் பின்னால், ஏப்ரனுக்குப் பக்கத்து ஆணியில், இருபத்திரண்டு வருடமாகத் தொங்குகிறது. வந்தவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டைத் திறந்துவிடுவது அவர் வேலை. சம்பளம் இல்லை. ஆனால் அந்தத் திறப்பை யாரும் தூக்கிப் பார்க்கக் கேட்டால்கூட, “பார்த்திட்டுத் தாங்கோ” என்று கையை நீட்டியபடியே நிற்பார்.

முழுப்பெயர் ஹனலோரே மோசிங்கர். மாவட்ட ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவர். நானும் அங்கேதான் அவருக்குக் கீழே சேர்ந்தேன். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. தமிழில் அக்கா என்றேன். அர்த்தம் கேட்டார், சொன்னேன். பிடித்துப்போயிற்று. ஒரு மாதத்தில் சலவைக்கூடம் முழுக்க அவர் அக்காதான். இன்றைக்கும் ஒன்பதாம் இலக்கத்து யூகன், அவரை வம்புக்கு இழுக்கும்போது மட்டும், அக்கா என்பார்.

ஒரு போர்வையை விரித்துப் பிடித்தால் அக்கா தூரத்தில் நின்றே சொல்லிவிடுவார்: இது பீட்ரூட், இது அயடின், இது நோயாளியைப் பார்க்க வந்தவர் கொட்டிய சிவப்பு வைன். அவர் கையில் போகாத கறை இருந்ததை நான் கண்டதில்லை. ஓய்வு பெற்ற அன்று, “மற்றாக்கள் பென்சன் எடுத்தால் கப்பல்ல போவினம். நான் என்ர வீட்டு ஜன்னலைத் துடைக்கப் போறன்” என்றார். சொன்னபடியே செய்தார். அதற்கு முதலும் அந்த ஜன்னலில் ஓர் அழுக்கும் இருந்ததில்லை.

ஆள் கட்டை. ஐந்தடிக்கு இரண்டு விரல் கூட. இந்த உயரத்தை ஞாபகம் வைத்திருங்கள், கதைக்கு வேண்டும்.

தென் ஜெர்மனியில் எங்கள் ஸ்வாபியாப் பகுதியில் கூட்டும் வாரம் என்று ஒன்று உண்டு. வீடுகள் முறை வைத்துத் தெருவையும் படியையும் கூட்டவேண்டும். யார் முறையோ அவர் கதவில் தும்புத்தடிப் படம் போட்ட ஒரு மரப்பலகை தொங்கும். சனிக்கிழமை மாலை கூட்டி முடித்துப் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டவேண்டும். மாட்டத் தவறியவரைப் பற்றி ஊர் பத்து வருடம் கதைக்கும். எங்கள் பக்கத்தில் அக்கா வீடு, யூகன் வீடு, நான் மேல்மாடியில் இருக்கும் பதினோராம் இலக்கம் என்று மூன்று முறை. ஜெபக்கூடத்தைப் பழுதுபார்த்துத் திறந்த வருடம் அக்கா நான்காவது முறை ஒன்றை உண்டாக்கினார்.

“தெருவில ஒரு வீடு நிண்டால் அதுக்கும் முறை இருக்கு” என்றார். “அந்த வீட்டில ஆக்கள் இல்லை எண்டால் அது அந்த வீட்டின்ர குற்றமில்லை. அவையின்ர முறையை நான் செய்யிறன்.”

அன்றிலிருந்து நாலு வாரத்துக்கு ஒருமுறை பலகை ஜெபக்கூடக் கதவில் தொங்கும். அக்கா வாளியோடு உள்ளே போவார்.

பார்க்க வருபவர்கள் பலவிதம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸில் வருவார்கள், முதலில் கழிப்பறை கேட்பார்கள். கூடத்தில் கழிப்பறை கிடையாது, அக்கா வீட்டுக் கழிப்பறைதான். வரிசை படி இறங்கித் தெருவரை நிற்கும். ஒருமுறை ஜப்பானிலிருந்து ஒரு தம்பதி மத்தியான ஓய்வு நேரத்தில் மணி அடித்தார்கள். இந்த ஊரில் அந்த நேரம் யாரும் யார் மணியையும் அடிப்பதில்லை. அக்கா கோபமாகத்தான் கதவைத் திறந்தார். அவர்கள் குனிந்து வணங்கினார்கள். அக்காவும் குனிந்தார். அவர்கள் மறுபடி குனிந்தார்கள். “எப்ப நிப்பாட்டிறது எண்டு தெரியேல்லை, கடைசியில பயறு அவிச்சதைச் சாப்பிடக் கூப்பிட்டிட்டன்” என்றார் பிறகு.

நான் போனால் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவேன். சாமியைக் கும்பிட்ட இடம், யார் கும்பிட்டால் என்ன. அக்கா முதல்தடவை பார்த்தார். அடுத்த தடவை வாசலில் ஒரு சின்னக் கால்மிதி கிடந்தது.

எல்லோரும் கடைசியில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: யூதர்களுக்கு இதெல்லாம் நடந்தபோது ஊர்ச்சனத்துக்குத் தெரியாதா? அக்கா அவர்களை வாசலுக்குக் கூட்டிவந்து தன் வீட்டு மேல்ஜன்னலைக் காட்டுவார்.

“உதில எங்கட அம்மா நிண்டவ. ஏழு வயசு. உங்கிருந்து பார்த்தால் இந்தக் கதவு தெரியும். நீங்களே ஏறிப் பாருங்கோ, படியை இண்டைக்குத்தான் துடைச்சனான்.”

அது 1938 நவம்பர். நாசிகள் நாடு முழுக்க ஜெபக்கூடங்களைக் கொளுத்திய நாட்கள். இங்கேயும் கொளுத்தினார்கள். ஆனால் சுவரோடு சுவராக அக்காவின் தாத்தாவுடைய வைக்கோல் களஞ்சியம் இருந்தது. அது எரிந்துவிடும் என்று ஊர் ஓடிவந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியது. அதனால் கூடம் தப்பியது. அதில் கும்பிட்ட மனிதர் தப்பியது கொஞ்சப் பேர்தான். யார் கொளுத்தினார்கள் என்று கேட்டால் ஊரில் ஒரே பதில்: “வெளியூர்க்காரர். லொறியில வந்தவை.” அக்காவின் அம்மாவும் சாகும்வரை அதைத்தான் சொன்னார். “லொறியில வந்தவைக்கு எங்கட ஊர்ச் சந்து ஒழுங்கையள் எப்பிடித் தெரியும் எண்டு கேட்டன்” என்று அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னார். “அம்மா எழும்பிப் போய் உருளைக்கிழங்கு உரிச்சா. அது சாப்பாட்டுக்கு உரிய நேரமே இல்லை.”

அந்தத் தீயின் கரி உள்ளே வடக்குச் சுவரில் இன்னமும் இருக்கிறது. முன்னால் கண்ணாடி போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். அக்கா அதை வருடம் முழுக்கக் காட்டுவார், கண்ணாடியைத் துடைப்பார், கரியைத் தொடமாட்டார். மாடிக்கு ஏறும் படிக்கட்டுச் சுவரிலும் ஒரு கறுப்பு இருந்தது. அதற்குக் கண்ணாடியும் இல்லை, எழுத்தும் இல்லை. போருக்குப் பிறகு பதினைந்து வருடம் அங்கே ஒரு பூட்டுத் திருத்துபவர் கடை வைத்திருந்தார். அவருடைய அடுப்பின் புகை அது என்று அக்கா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன வருடம் மே மாதம் உருகுவே நாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அலிசியா ரோசன்கார்ட் என்ற அம்மா எழுதியிருந்தார். அவருடைய அப்பா இந்த ஊரில் பிறந்தவர், எட்டு வயதில் ஓடித் தப்பியவர், இப்போது இல்லை. அவர் கும்பிட்ட இடத்தைப் பார்க்கத் தானும் தம்பியும் வருகிறோம், வரும் ஞாயிறு பதினொரு மணிக்கு. அந்த வாரம் பலகை தொங்கியது ஜெபக்கூடக் கதவில்.

செவ்வாய்க்கிழமை அக்கா வாளி, சலவைச்சோடா, குழைவான சோப்பாகிய மென்சவர்க்காரம், ஏழு வெள்ளைத்துணி எல்லாம் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வீட்டுச் சொந்தக்காரர் வருகிறார்கள், வீடு அழுக்காக இருக்கலாமா? படியைத் துடைத்தார். கைப்பிடியைத் துடைத்தார். நிமிர்ந்து படிக்கட்டுச் சுவரைப் பார்த்தார். இருபத்தொரு வருடம் பேசாமல் இருந்த கை அன்றைக்குப் பேசாமல் இருக்கவில்லை. நாலு மணிநேரம். எட்டிய மட்டும் வெள்ளை வெளேரென்று ஆக்கிவிட்டு வெளியே வந்து என் ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“வந்து பாரடி. பூட்டுக்காரன்ர புகை எழுபது வருசமாக் கிடந்தது, என்ர சோடாவுக்கு முன்னால நாலு மணித்தியாலம் நிக்கேல்லை.”

நான் போய்ப் பார்த்து மெச்சினேன். அதையும் சொல்லிவிடவேண்டும்.

புதன்கிழமை மத்தியானம் நாங்கள் மூவரும் அக்கா குசினியில் கோப்பி குடிப்பது வழக்கம். அக்கா, நான், யூகன் க்னாவுப். யூகன் நாற்பது வருடம் வீடு வீடாய்ப் புகைபோக்கி துடைத்த ஆள். கூரையில் ஏறி ஏறி ஊரின் ரகசியம் எல்லாம் தெரிந்தவர். அன்றைக்கு டொக்டர் ராப்பும் வந்தார். வரலாற்று வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், ஜெபக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் சங்கத்தின் தலைவர். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆட்கள் உட்காரக் கதிரை போதுமா என்று பார்க்கத் திறப்பை வாங்கிக்கொண்டு போனார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். முகம் அக்கா கழுவிய சுவர் மாதிரி வெளுத்திருந்தது.

“திருமதி மோசிங்கர், படிக்கட்டுச் சுவர்…”

“நல்லா வந்திருக்கு, என்ன?” என்றார் அக்கா.

டொக்டர் ராப் உட்கார்ந்தார். பிறகு எழுந்து தன் வீட்டுக்குப் போய், ஒரு தடித்த ஆவணக்கோப்பைக் கொண்டுவந்து, மேசையில் பின்னல் பணிஸ் என்ற இனிப்பு ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தார். பழுதுபார்த்த காலத்தில் தொல்பொருள் கந்தோர், அதாவது அரசாங்க அலுவலகம், எழுதியது. நாற்பத்தாறாம் பக்கம். படிக்கட்டுச் சுவர்: தீ மூட்டப்பட்ட இடம். 1938ஆம் ஆண்டின் கரி. தொடக்கூடாது.

அக்கா அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“பூட்டுக்காரன்ர அடுப்பு?” என்று அக்கா கேட்டார்.

“பூட்டுக்காரரின் அடுப்பு எதிர்ப்பக்கம் இருந்தது. அடுத்த பக்கத்தில் படம் போட்டிருக்கு.”

“இந்தப் புத்தகம் ஆரிட்டை எல்லாம் கிடக்கு?”

“சங்கத்தின் நிர்வாகக்குழுவில் ஏழு பேரிடமும்.”

“ஏழு பேர். அந்தச் சுவரில ஒரு துண்டுக் கடதாசி ஒட்ட ஒருத்தருக்கும் தோணேல்லையோ?” என்றார் யூகன்.

டொக்டர் ராப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையில் நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாதவர். ஆனால் அன்று கொஞ்சம் முயன்றார். “பாருங்கள். அந்தக் கரியைப் பற்றி வெளியில் யாருக்கும் தெரியாது. எந்தப் புத்தகத்திலும் இல்லை. கந்தோருக்கு எழுதினால் விசாரணை வரும். நகரசபையில் திறப்பு வேண்டாத இலத்திரன் பூட்டுப் போடச் சொல்லி இரண்டு வருடமாக நிற்கிறார்கள், உங்களுக்கே தெரியும். ‘பயிற்சி இல்லாதவர் கையில் திறப்பு’ என்று ஒரு வரி எழுதினால் போதும். இப்போதைக்கு நாங்கள் நாலு பேரும்… பேசாமல் விடலாம்.”

 அக்கா கதவுக்குப் பின்னால் ஆணியைப் பார்த்தார். திறப்பு அங்கே இல்லை, டொக்டரின் கையில் இருந்தது. கையை நீட்டினார். டொக்டர் கொடுத்தார். அக்கா அதை ஏப்ரன் பையில் போட்டுப் பையை மேலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

அந்த இரண்டு நாளும் அக்கா சாப்பிட்டது குறைவு. எங்களுக்குப் பிள்ளைகள் எப்படியோ அவருக்கு அந்தத் திறப்பு. புருஷன் இறந்த வருடம் படுக்கையை விட்டு எழாத மனுஷி, மணி அடித்தால் எழுந்து முகம் கழுவிப் போய்த் திறந்தார் என்பது எனக்குத் தெரியும். நான் விளக்கு வைக்கும்போது அவருக்காகவும் ஒரு சொல் சொன்னேன். கரி திரும்பி வரவேண்டும் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்பது சரியில்லை என்று பட்டது.

வெள்ளிக்கிழமை காலை யூகன் ஒரு வாளியோடு வந்தார். மேலே பழைய பத்திரிகை போட்டு மூடியிருந்தது. அக்காவும் நானும் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தோம்.

“ஹனலோரே, உனக்கு ஒரு பரிசு கொண்டந்திருக்கிறன்.”

“காளானோ?”

“கரி” என்று பத்திரிகையைத் தூக்கினார். “மலையடிப் பண்ணைவீட்டுப் புகைபோக்கி. நூற்றிருபது வருசப் பழசு. அசல் ஓக் மரப்புகை. இதைப் பசை கலந்து துணியால ஒத்தினால் உன்ர தொல்பொருள் கந்தோர் இல்லை, தீ மூட்டினவனே வந்தாலும் கண்டுபிடிக்கமாட்டான்.”

“யூகன், உனக்கு விசரா?”

“நாற்பது வருசம் இந்த ஊர்க் கரியை நான் இல்லாமல் ஆக்கினனான். ஒரு நாளைக்கு உண்டாக்கித் தாறன். உனக்குத் திறப்பு வேணுமோ வேண்டாமோ?”

அக்கா எழுந்தார். வாளிக்குள் பார்த்தார். ஒரு விரலை உள்ளே விட்டு, பெருவிரலோடு உரசிப் பார்த்தார். சலவைக்கூடத்தில் கறையைப் பார்க்கும் அதே பார்வை. பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.  நானும் பின்னால் போனேன், யூகனும் வந்தார்.

ஜெபக்கூடத்தைத் திறந்து, படிக்கட்டுச் சுவருக்கு முன்னால் வாளியை வைத்தார். சுவர் பளிச்சென்று இருந்தது. அக்காவின் தலைக்கு மேலே ஒரு முழம் வரைக்கும் வெள்ளை. அதற்கு மேல், கூரைவரை, கறுப்பு. இரண்டுக்கும் நடுவில் ஏறி இறங்கும் ஒரு கோடு. அவர் கை எட்டிய இடம். நாங்கள் செவ்வாய்க்கிழமை அதைப் பார்த்தும் பார்க்கவில்லை.

“ஏணி எடுக்காமலா விட்டனி?” என்று யூகன் கேட்டார்.

“நீ தான் போன வருசம் செரிப்பழம் பிடுங்கக் கொண்டுபோனனி. இன்னும் தரேல்லை.”

“பார்த்தியே? உன்ர கட்டையும் என்ர மறதியும்தான் பாதிச் சுவரைக் காப்பாத்தியிருக்கு.”

அக்கா சிரிக்கவில்லை.  சுவரைப் பார்த்தபடியே பேசினார். “எங்கட அம்மாவைக் கேட்டன், வெளியூர்க்காரர் எண்டா. மாமாவைக் கேட்டன், தான் அண்டைக்கு ஊரில இல்லை எண்டார். பேக்கரிக் கிழவன் நல்ல நித்திரை எண்டான். எண்பத்தஞ்சு வருசமா இந்தச் சுவரில ஒருத்தற்ற கையும் பட்டதில்லையாம். இப்ப இது என்ர கை, யூகன். இதில கரியைப் பூசினால் இதையும் லொறியில வந்தவை செய்ததாப் போயிடும்.”

யூகன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “அப்ப இந்தக் கரியை நான் என்ன செய்யிறது?”

“உன்ர ரோசாச்செடிக்குப் போடு. போன வருசம் பூத்ததைப் பார்க்கச் சகிக்கேல்லை.”

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்க மணி அடித்தது. அலிசியா அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும், உயரமான மனுஷி, வெள்ளை முடி. அப்பா வீட்டில் பேசிய ஜெர்மன் கொஞ்சம் பேசினார், பழங்கால ஜெர்மன், எங்கள் ஊர்ப் பேச்சின் இழுவையோடு. உருகுவேயிலிருந்து வந்தவர் வாயில் எங்கள் தெருவின் இழுவையைக் கேட்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தம்பி மார்செலோ பேசவில்லை, எல்லாவற்றையும் படம் எடுத்தார். டொக்டர் ராப் கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தார். அக்கா வழக்கம்போலத் திறந்தார், வடக்குச் சுவரைக் காட்டினார், மாடியைக் காட்டினார். படிக்கட்டடியில் வந்து நின்றார். டொக்டர் இருமினார்.

“இஞ்ச ஒரு விஷயம் சொல்லவேணும்” என்றார் அக்கா. “இந்தச் சுவரில உங்கட ஆக்களைக் கொளுத்த வந்த தீயின்ர கரி இருந்தது. இப்ப கீழ்ப்பாதியில இல்லை. நான்தான் கழுவினனான். செவ்வாய்க்கிழமை. பூட்டுக்காரன்ர அடுப்புப் புகை எண்டு நினைச்சன். கேட்டிருக்கலாம், கேக்கேல்லை. நீங்கள் வாறியள் எண்டு வடிவாக்கப் போய் இப்பிடிச் செய்துபோட்டன்.”

டொக்டர் ராப் ஓரடி முன்னுக்கு வந்தார். “எங்களிடம் கோப்பு இருந்தது. நாங்கள் எழுதி ஒட்டவில்லை. அது என் பிழை.” அவர் அதைச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. யூகன் அவரைப் புதிதாய்ப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அலிசியா சுவருக்குப் பக்கத்தில் போனார். வெள்ளையில் கையை வைத்தார்.  தம்பி படம் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

“எதால கழுவினனீங்கள்?” என்று அலிசியா கேட்டார்.

“சோடா. மென்சவர்க்காரம். பிறகு குளிர்தண்ணி.”

“துணி இருக்கா? கரி பட்ட துணி?”

அக்காவின் முகம் அப்போதுதான் உண்மையில் சிவந்தது. “அதையும் தோய்ச்சிட்டன்” என்றார் மெல்ல. “அண்டைக்கே. இஸ்திரியும் போட்டாச்சு.”

அலிசியா திரும்பி அவரைப் பார்த்தார். வாய் துடித்தது. அழப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க. தம்பியிடம் அவர்கள் மொழியில் சொன்னார், அவரும் சிரித்தார். அக்கா என்ன செய்வதென்று தெரியாமல் ஏப்ரனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எங்கட அப்பா எப்பவும் சொல்லுவார்” என்றார் அலிசியா, கண்ணைத் துடைத்தபடி. “‘அந்தத் தெருச்சனம் வாளி தூக்கி ஓடி வந்ததை நான் கண்டனான். எங்களைக் காப்பாத்த எண்டு நினைச்சு ஒரு நிமிசம் சந்தோசப்பட்டனான். பார்த்தால் வைக்கோலுக்கு ஊத்தினவை’ எண்டு. இப்ப அவர் இருந்தால் சொல்லுவார்: இந்த முறை எங்களுக்கு எண்டே வாளி கொண்டந்திருக்கினம், அதுவும் எண்பத்தஞ்சு வருசம் பிந்தி.”

“அந்த வைக்கோல் எங்கட தாத்தாவின்ர” என்றார் அக்கா.

அலிசியா சிரிப்பை நிறுத்தினார். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அலிசியா, “வீட்டில கோப்பி இருக்கா?” என்று கேட்டார்.

இருந்தது. பின்னல் பணிஸும் இருந்தது. மூன்று மணிவரை இருந்தார்கள். மார்செலோ மேல்ஜன்னலுக்கு ஏறிப்போய் நெடுநேரம் வெளியே பார்த்துவிட்டு, படி எவ்வளவு சுத்தம் என்று அக்காவிடம் சொன்னார். அந்தப் பேச்சு வந்ததும் யூகனும் அலிசியாவும் மறுபடி சிரித்தார்கள். புறப்படும்போது அலிசியா ஒன்று மட்டும் சொன்னார்: “சுவரை இப்பிடியே விடுங்கோ. ஆனால் எழுதி வையுங்கோ. ஆர் எண்டும் எழுதுங்கோ.”

திங்கட்கிழமை அக்கா கந்தோருக்குத் தன் கையாலேயே எழுதினார். நான் தபாலில் போட்டேன். அது திறப்புக்கு எழுதிய பிரியாவிடைக் கடிதம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

ஐந்து வாரம் கழித்துக் கந்தோரிலிருந்து ஒருவர் வந்தார். மெலிந்த மனிதர், முட்டிவரை புழுதி. சுவரை அளந்தார், கோட்டை அளந்தார், அக்காவைச் சுவரோடு நிற்க வைத்துக் கையை உயர்த்தச் சொல்லி அதையும் அளந்தார். ஒரு மீட்டர் தொண்ணூற்றாறு.

“பதினெட்டு வருசமா இந்த வேலை செய்யிறன்” என்றார். “இடிஞ்ச சுவர், வெட்டின மரம், காணாமல்போன கல்லு. போய்க் கேட்டால் எல்லாம் நாங்கள் வரேக்கையே அப்பிடித்தான் கிடந்தது எண்டுவினம். நானே செய்தனான் எண்டு முத்திரை ஒட்டி எழுதின ஆளை இண்டைக்குத்தான் பார்க்கிறன்.”

“அப்ப திறப்பு?” என்று அக்கா கேட்டார். கை ஏப்ரன் பையின் மேல் இருந்தது.

“அதை ஏன் என்னட்டைக் கேக்கிறியள்? உங்களிட்டையே இருக்கட்டும். அப்பிடித்தான் எழுதப்போறன்.” தன் கருவிப்பையை மூடினார். பிறகு, “ஆனால் ஒரு நிபந்தனை” என்றார். “இனிமேல் நீங்கள் உள்ளுக்கு வாளி கொண்டுபோகக்கூடாது. ஈரத்துணியும் கூடாது.”

திறப்பையே பறித்துவிட்டது போல அக்கா அவரைப் பார்த்தார். “தூசு?”

“தூசுக்கு வேற ஆளை விடுங்கோ.”

அந்த ஆள் நான்தான். இப்போது ஜெபக்கூடத்தின் கூட்டும் வாரம் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு உலர்ந்த தும்புத்தடியோடு நான் உள்ளே போகிறேன். அக்கா நிலைப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கட்டாவிட்டால் அந்தக் கை சும்மா இராது.

“இடப்பக்கம். இல்லை, உன்ர இடப்பக்கம். பெஞ்சுக்குக் கீழ. அதில ஒரு பஞ்சு.”

“கண்டிட்டன் அக்கா.”

“கண்டால் எடு.”

படிக்கட்டுச் சுவரில் ஒரு தகடு வைத்திருக்கிறார்கள். கோட்டுக்கு மேலே இருப்பது 1938ஆம் ஆண்டின் கரி என்றும், கோட்டுக்குக் கீழே இருந்ததை ஏழாம் இலக்கத்து ஹனலோரே மோசிங்கர் தவறுதலாகக் கழுவினார் என்றும் எழுதியிருக்கிறது. பெயர் வேண்டாம், ‘ஊரவர் ஒருவர்’ என்று போடலாம் என்றது சங்கம். அக்காதான் விடவில்லை. அடுத்த வரி, எழுதி ஒட்டத் தவறியது சங்கம் என்கிறது. அதை டொக்டர் ராப் சேர்த்தார். வருகிறவர்கள் தகட்டைப் படித்துவிட்டு, திறப்போடு நிற்கும் மனுஷியைத் திரும்பிப் பார்ப்பார்கள். “நான்தான்” என்று அக்கா கையை உயர்த்திக் கோட்டைக் காட்டுவார். தொடாமல், ஒரு விரல் இடைவெளி விட்டு.

போன மாதம் டொக்டர் ராப் வந்திருந்தார். நான் கூட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்ற அக்கா மாடி மூலையைக் காட்டினார். அங்கே ஒரு பெரிய சிலந்திவலை.

“டொக்டர், அந்த வலை எந்தக் காலம்?”

டொக்டர் ராப் மேலே பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அவர் பகிடிக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தது.

“கோப்பில் பக்கம் பார்க்கவேண்டும்” என்றார்.

“பாருங்கோ. நாங்கள் நிக்கிறம்.”

அவர் கோப்பெடுக்க வீட்டுக்குப் போனார். நான் தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அக்காவுக்குப் பக்கத்தில் நிலைப்படியில் உட்கார்ந்தேன். நல்ல வெயில். மேலே சிலந்தி தன் பாட்டில் இன்னொரு இழை ஓட்டிக்கொண்டிருந்தது.